பந்து போன பாதை – 14: கோல் போஸ்ட்டுக்குப் போன சென்டர் ஃபார்வர்டு

சென்ற பகுதி ஹெல்சிங்கியில் நின்றது. 1952 ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நமக்குப் பத்து கோல் போட்டு அனுப்பியது. பதிலுக்கு நாம் போட்டது ஒன்றே ஒன்று. நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடியவர்கள். அங்கிருந்து பத்தே ஆண்டில் ஜகார்த்தாவில் தங்கம் வாங்கிய கதைக்குள் நேராகப் போய்விடலாம் என்று எழுத உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து செந்துறையிலிருந்து ஒரு போன். அங்கே பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருக்கும் நண்பர். சாயந்தரமானால் பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பவர். இந்தத் தொடரை விடாமல் படித்து, விடாமல் குறை சொல்பவரும்கூட.

“அமெரிக்காவுல ஒரு டீம், முன்வரிசையில நின்னு மறிக்கிற ஆள் ஒருத்தரை ஏலத்துல எடுத்துச்சாம். எடுத்த அன்னிக்கே, இவரை வேற இடத்துல ஆட வைக்கப்போறோம்னு கோச் சொல்லிட்டாராம். வேற இடத்துக்கு ஆள் வேணும்னா அந்த இடத்துல ஆடுறவனையே எடுத்துட்டுப் போகவேண்டியதுதானே சார்? நான் வலது கார்னர்ல நிக்கிற பையனை இடது கார்னருக்கு மாத்தினாலே, எந்தக் காலை முன்னே வைக்கிறதுன்னு தெரியாம ஒரு மாசம் முழிக்கிறான்.”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் ஜகார்த்தாவுக்குப் போனால், அங்கே நடந்ததன் அருமை பாதிதான் புரியும் என்று எனக்கும் பட்டது. ஆகவே இந்த வாரம் இடம் மாறியவர்கள் கதை.

முதலில் அமெரிக்கக்காரர்களை முடித்துவிடுவோம். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் ஆடுவது அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை முன்னே கொண்டுபோக ஒரு பதினொருவர், எதிராளி கொண்டுவரும்போது தடுக்க வேறு பதினொருவர். பந்து தங்கள் கையில் இருக்கும்போது முன்வரிசையில் ஐந்து தடியர்கள் அரண் கட்டி நிற்பார்கள். பந்தைத் தொடும் பாக்கியம் இவர்களில் நடுவில் நிற்பவருக்கு மட்டும்தான். அவரும் தொட்டுப் பின்னால் தள்ளிவிடுவதோடு சரி. மற்றவர்களுக்கு ஆட்டம் பூராவும் வேலை, பாய்ந்து வருகிறவனை மறிப்பது.

நண்பர் ஏலம் என்று சொன்னது ஏலம் இல்லை, டிராஃப்ட். பெர்ட் பெல் என்ற ஃபிலடெல்ஃபியா அணி முதலாளி யோசனை சொல்லி, 1936 பிப்ரவரியில் அதே ஊர் ஹோட்டல் ஒன்றில் முதல் டிராஃப்ட் நடந்தது. போன ஆண்டு கடைசியில் வந்த அணிக்கு முதலில் ஆள் பொறுக்கும் உரிமை. கோப்பை வாங்கியவனுக்குக் கடைசி வாய்ப்பு. இப்படி இப்போது ஏழு சுற்று நடக்கிறது. நம் ஊரிலும் ஐ.எஸ்.எல். கால்பந்துக்கு 2017-இல் மும்பையில் ஒரு டிராஃப்ட் நடந்தது. கேரளத்துத் தடுப்பாட்டக்காரர் அனஸ் எடத்தொடிகாவை ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாக எடுத்தது நினைவிருக்கலாம்.

நண்பர் கேள்விக்கான விடை அந்த ஏழாவது சுற்றில் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று சுற்றிலேயே அந்தந்த இடத்துக்கு அச்சில் வார்த்ததுபோல் இருக்கிற பையன்கள் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பவர்களில் கோச் தேடுவது வேறு: உயரம், கையின் நீளம், அந்த எடையோடு கால் எவ்வளவு சுருக்காக நகர்கிறது என்பது. 2012-இல் சியாட்டில் அணி ஜே.ஆர். ஸ்வீசி என்பவரை ஏழாவது சுற்றில் எடுத்தது. கல்லூரியில் அவர் ஆடியது தடுப்பு வரிசையில், அதாவது அரணை உடைக்கிற பக்கம். அணி அவரை அரணாக நிற்கிற பக்கத்துக்கு மாற்றியது. அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே இறக்கியும் விட்டது. 2014 பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தை வென்ற அணியில் அவர் இருந்தார். இதைவிடத் துணிச்சல் ஃபிலடெல்ஃபியா செய்தது. 2018-இல் அதே ஏழாவது சுற்றில், 233-ஆவது ஆளாக, ஜோர்டன் மைலாட்டா என்ற ஆஸ்திரேலிய ரக்பி ஆட்டக்காரரைப் பொறுக்கியது. ஆறடி எட்டங்குலம். அமெரிக்க ஃபுட்பாலில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடியது கிடையாது. 2025 பிப்ரவரியில் அந்த அணி 40–22 என்று சூப்பர் பௌலை வென்றபோது, பந்து வீசுகிறவரின் இடப்பக்கத்தைக் காத்து நின்றவர் அவர்தான்.

ஆக, ஆசாரி மரத்தைப் பார்த்துவிட்டு உத்திரத்துக்கா நிலைக்கா என்று முடிவு செய்வதைப்போல, ஆளைப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்கிறார்கள். நமக்கு இது புதிதில்லை. டிராஃப்ட் என்ற பேரையே கேள்விப்படாத காலத்தில் நம்மிடம் இதைச் செய்தது பட்டாளம்.

நீலகிரியில் குன்னூரை ஒட்டி இருக்கும் வெலிங்டனை நம் பக்கத்துப் பட்டாளத்து வீடுகளில் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். மதராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் அங்கே. சுதந்திரத்துக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் இந்தியக் கால்பந்தை வளர்த்ததில் கல்கத்தா கிளப்புகளுக்கு எவ்வளவு பங்கோ, ஏறக்குறைய அவ்வளவு பங்கு பட்டாளத்துக்கும் போலீசுக்கும் ரயில்வேக்கும் உண்டு என்பது என் கணக்கு. ஆட்டக்காரனுக்கு அங்கே மாதச் சம்பளம் நிச்சயம், சாப்பாடு நிச்சயம், காலையில் மைதானம் நிச்சயம். ரெஜிமென்ட்டுக்கு டூராண்ட் கோப்பை கௌரவப் பிரச்சினை. 1888-இல் சிம்லாவில் வெள்ளைக்காரப் பட்டாளங்களுக்காகத் தொடங்கிய போட்டி அது. தென்னாட்டு ரெஜிமென்ட் ஒன்று அதைத் தூக்கி வருவது சாதாரணமல்ல.

1953-இல் வெலிங்டனுக்கு வந்து சேர்ந்தார் பீட்டர் தங்கராஜ். 1935 டிசம்பர் 24-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். அங்கே மார்னிங் ஸ்டார், ஃப்ரெண்ட்ஸ் யூனியன் என்ற சின்ன கிளப்புகளில் ஆடிப் பழகிய பையன். ஹைதராபாத்தை ஒட்டிய செகந்திராபாத் கன்டோன்மென்ட் அந்நாளில் பாதித் தமிழ் பேசிய இடம். பட்டாளத்தோடும் ரயில்வேயோடும் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே தெருத்தெருவாக இருந்தன. கால்பந்தும் தெருத்தெருவாக இருந்தது.

தங்கராஜ் வெலிங்டனுக்கு வந்தபோது சென்டர் ஃபார்வர்டு. முன்வரிசையின் நடுவில் நின்று கோல் போடுகிறவர். ஆள் ஆறடி மூன்று அங்குலம். அந்தக் காலத்து இந்திய அணிகளின் குழுப் படத்தைப் பார்த்தால் மற்றவர்கள் தலை எல்லாம் ஒரு மட்டத்தில் இருக்கும். இவர் தலை மட்டும் தனியே நிற்கும். அந்த உயரம் முன்வரிசையிலும் பயன்படும்தான். ஆனால் எட்டடி உயரமும் எட்டு கஜ அகலமும் உள்ள கோல் வாசலில் அது வேறு விதமாகப் பயன்படும். ரெஜிமென்ட் அவரை மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, போஸ்ட்டுகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தியது.

ஒரு கார்னரிலிருந்து மறு கார்னருக்கு மாறியதற்கே பையன் முழிக்கிறான் என்று நண்பர் சொன்னதை இங்கே நினைத்துப் பாருங்கள். சென்டர் ஃபார்வர்டுக்கும் கோலிக்கும் நடுவே இருக்கும் தூரம் மைதானத்தின் நீளம் மட்டுமல்ல. ஃபார்வர்டு பத்து தடவை தவறவிட்டு ஒரு தடவை போட்டால் தோளில் தூக்குவார்கள். கோலி பத்து பிடித்து ஒன்றை விட்டால் பெயர் கெடும். முன்னவன் ஓடிக்கொண்டே இருப்பான்; பின்னவன் எண்பது நிமிஷம் சும்மா நின்றுவிட்டு ஒரே நொடியில் பாய வேண்டும். பதினெட்டு பத்தொன்பது வயதில், கோல் போட்டுக் கைதட்டல் வாங்கிப் பழகிய பையனிடம் போய், இனி நீ போடவேண்டாம், போடுகிறவனைத் தடு என்றால் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! ஆனால் பட்டாளத்தில் மனசைக் கேட்டு இடம் தருவதில்லை. அந்த விஷயத்தில் ரெஜிமென்ட்டும் அமெரிக்க டிராஃப்ட்டும் ஒன்றுதான்.

அவர் ஒன்றைக் கையோடு எடுத்துப் போனார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அடிக்கப்போகிறவன் எந்தக் காலை ஊன்றுகிறான், இடுப்பை எந்தப் பக்கம் திருப்புகிறான், எப்போது கோலியை ஏமாற்ற ஒரு மூலையைப் பார்த்துவிட்டு மறு மூலையில் தட்டுவான் என்பதெல்லாம் தானே செய்து பார்த்தவருக்குத் தெரியும். ஃபார்வர்டாக இருந்தவனை ஃபார்வர்டு ஏமாற்றுவது கொஞ்சம் கடினம். 1955-இல் மதராஸ் ரெஜிமென்ட் மையம் டூராண்ட் கோப்பையைத் தூக்கியது. 1958-இல் மறுபடியும். அதே 1958-இல் தங்கராஜை ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்றார்கள். இடம் மாறி ஐந்தாண்டுக்குள்.

நடுவே மெல்போர்ன். 1956 நவம்பர் 22-இல் ஒலிம்பிக் தொடங்கியது. தங்கராஜ் இந்திய அணியில் இருந்தார். மறுநாள் விடியற்காலை நம் பக்கம் என்ன நடந்தது என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் நம் செந்துறையைத் தாண்டி, அரியலூரையும் தாண்டிய கொஞ்ச நேரத்தில், வெள்ளம் அரித்த மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அன்றைக்குத் திருச்சி மாவட்டமாக இருந்த இந்தப் பகுதியில், அந்த வாரம் பந்தாட்டச் செய்தியைத் தேடிப் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? டிசம்பர் 1-ஆம் தேதி நெவில் டிசூசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டு 4–2 என்று ஜெயிக்க வைத்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் போட்ட முதல் ஹாட்ரிக் அது. அரையிறுதியில் பழைய யூகோஸ்லாவியாவிடமே 1–4, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0–3. நான்காம் இடம். அதற்குமேல் ஒலிம்பிக்கில் நாம் போனதில்லை.

மெல்போர்னிலும் ஜகார்த்தாவிலும் அணியை நடத்தியவர் சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆகவே எல்லாருக்கும் ரஹீம் சாப். 1953 நவம்பரில் ஹங்கேரி வெம்ப்ளிக்கே போய் இங்கிலாந்தை 6–3 என்று அடித்ததே, அந்த ஆட்டத்தின் பாடத்தைக் கரைத்துக் குடித்தவர். அதில் ஹிதேகுதி என்ற ஹங்கேரிக்காரர் 9-ஆம் நம்பர் சட்டை போட்டுக்கொண்டு, முன்னே நிற்காமல் பின்னே இறங்கி நின்றார். அவரைப் பிடிக்க வேண்டிய இங்கிலாந்து ஸ்டாப்பர், பின்னாலேயே போவதா, தன் இடத்தில் நிற்பதா என்று தெரியாமல் திண்டாடிப்போனார்.

ஸ்டாப்பர் என்ற இடமே ஒரு இடமாற்றத்தில் பிறந்ததுதான். 1925 வரை ஆஃப்சைடு விதி கடுமை. முன்னேறுகிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிராளிகள் மூன்று பேராவது இருக்க வேண்டும். அதை இரண்டாகக் குறைத்தவுடன் இங்கிலாந்தில் கோல் மழை. ஆர்செனல் மேனேஜர் ஹெர்பெர்ட் சாப்மன் நடுக்களத்தில் சுதந்திரமாகத் திரிந்த சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு பேக்குகளுக்கு நடுவில் நட்டார். அந்த வேலைக்கு அவர் பழக்கி எடுத்த ஹெர்பி ராபர்ட்ஸ் சின்ன கிளப்பிலிருந்து வந்தபோது விங் ஹாஃப். இன்றைக்கு நம் ஊர் மைதானங்களில் ‘ஸ்டாப்பர்’ என்று கூவுகிறோமே, அதன் பூர்வீகம் இது.

இந்தியாவின் ஸ்டாப்பர் ஜர்னெய்ல் சிங். 1936-இல் லாயல்பூர் பக்கம் பிறந்தவர். பிரிவினையில் குடும்பம் இந்தியப் பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்துக்கு வந்தது. மாஹில்பூர் கல்லூரியில் ஆடி, கல்கத்தாவுக்கு வந்து, 1959-இல் மோகன் பகானில் சேர்ந்தார். முரட்டு ஆட்டம். அவரைத் தாண்டிப் பந்து போகலாம், ஆள் போக முடியாது என்ற ரகம்.

1962 ஆகஸ்ட். ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென் கொரியா நம்மை 2–0 என்று தோற்கடித்தது. அடுத்து தாய்லாந்தை 4–1 என்று ஜெயித்தோம். ஆனால் ஜர்னெய்ல் நெற்றி கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2–0 என்று ஜெயித்து அரையிறுதிக்கு வந்தாகிவிட்டது. எதிரே தென் வியட்நாம். ஸ்டாப்பருக்கு நெற்றியில் தையல்.

ரஹீமின் சங்கடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஸ்டாப்பரின் பிழைப்பே நெற்றியில்தான் இருக்கிறது. உயரே வருகிற ஒவ்வொரு பந்துக்கும் அவன் எழும்பித் தலையால் முட்டித் தள்ள வேண்டும். அதுவும் எதிராளி தலையோடு போட்டி போட்டுக்கொண்டு. ஒரு ஆட்டத்தில் இருபது முப்பது தடவை வரும். தயங்கி ஒரு தடவை விட்டாலும் கோல். தையல் போட்ட நெற்றியோடு அங்கே நிற்க வைப்பது ஆளுக்கும் ஆபத்து, அணிக்கும் ஆபத்து. சரி, வெளியே உட்கார வைக்கலாம் என்றால், அணியிலேயே மிரட்டலான ஆள் அவர். அந்தக் காலத்தில் பெரும்பாலான சர்வதேச ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது. இறங்கிய பதினொரு பேர்தான் கடைசி விசில் வரைக்கும். கோச்சிடம் இருந்த ஒரே ஆயுதம், இருக்கிறவர்களை இடம் மாற்றுவது.

ரஹீம் ஜர்னெய்லை முன்னே தள்ளினார். சென்டர் ஃபார்வர்டாக.

ஃபார்வர்டு ஒரு பந்தை விட்டால் அடுத்த பந்து வரும். வேண்டாத பந்துக்குத் தலை கொடுக்காமல் இருந்துகொள்ளலாம். கட்டுப் போட்ட தலையோடு இப்படி ஒருவர் பாய்ந்து வந்தால் எதிர் அணி பேக்குகள் அவரைக் கவனிக்காமல் இருக்க முடியாது. கவனித்தால் பக்கத்தில் சுனி கோஸ்வாமிக்கு இடம் கிடைக்கும். நடந்தது அப்படித்தான். வியட்நாமை 3–2 என்று ஜெயித்தோம். கேப்டன் சுனி இரண்டு கோல். மூன்றாவது ஜர்னெய்ல் சிங்குடையது!

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4. மறுபடி தென் கொரியா, முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த அதே அணி. செனயான் ஸ்டேடியத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், பெரும்பாலும் நமக்கு எதிராக. காரணம் பந்தாட்டம் அல்ல. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேஷியா வரவிடாமல் செய்ததை, நம் நாட்டைச் சேர்ந்த ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினர் ஜி.டி. சோந்தி கண்டித்துப் பேசியிருந்தார். முந்தின நாள் கூட்டம் ஒன்று இந்தியத் தூதரகத்துக்குள் புகுந்து நொறுக்கியது. மைதானத்தில் நம் தேசிய கீதத்துக்கே கூச்சல். பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் மட்டும் நமக்குக் கைதட்டினார்கள் என்று நம் ஆட்டக்காரர்கள் பிற்பாடு பல தடவை நன்றியோடு சொல்லியிருக்கிறார்கள். அந்த ஹாக்கி அணி அதற்குச் சற்று முன்புதான் நம்மைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

ரஹீம் இன்னொரு முடிவும் எடுத்தார். அரையிறுதியில் கோலில் நின்றவர் பிரத்யுத் பர்மன், தங்கராஜுக்குக் காய்ச்சல். இறுதி ஆட்டத்துக்குத் தங்கராஜைத் திரும்ப அழைத்தார். அப்போதுதான் காய்ச்சலிலிருந்து எழுந்த ஒருவரை, ஜெயித்த அணியைக் கலைத்து உள்ளே கொண்டுவருவது எந்தக் கோச்சும் யோசிக்கிற காரியம். கொரியர்கள் உயரே தூக்கிப் போடும் பந்துக்கு இவர் கை எட்டும் என்பதுதான் கணக்காக இருந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் அணியை ஒரு தடவை மேலிருந்து பாருங்கள். ஒரு கோடியில், கோல் போஸ்ட்டுகளுக்கு நடுவே, சென்டர் ஃபார்வர்டாக வாழ்க்கையைத் தொடங்கியவர். மறு கோடியில், சென்டர் ஃபார்வர்டு இடத்தில், நாட்டிலேயே பெரிய ஸ்டாப்பர். இரண்டு கோடியிலும் இடம் மாறி வந்தவர்கள். நடுவே அருண் கோஷ், திரிலோக் சிங், சந்திரசேகர், பி.கே. பானர்ஜி, பலராமன், சுனி முதலியோர்.

17-ஆவது நிமிஷம் பி.கே. முதல் கோல் போட்டார். 20-ஆவது நிமிஷம் இரண்டாவது. போட்டவர் ஜர்னெய்ல். மூன்று நிமிஷத்தில் ஒரு லட்சம் பேரின் சத்தம் இறங்கிப்போனது. மிச்சம் எழுபது நிமிஷம் கொரியர்கள் அழுத்திய அழுத்தம்தான் ஆட்டம். 85-ஆவது நிமிஷத்தில்தான் அவர்களால் ஒன்று திருப்ப முடிந்தது. 2–1. இந்தியாவுக்குத் தங்கம். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் 1951-க்குப் பிறகு இரண்டாவது, இன்றுவரை கடைசி.

ஜர்னெய்ல் அரையிறுதியிலும் இறுதியிலும் கோல் போட்டது வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. ஸ்டாப்பருக்கு எந்த ஃபார்வர்டைக் கண்டால் வயிறு கலங்கும் என்பது ஸ்டாப்பருக்குத்தான் தெரியும். எந்த இடைவெளியில் ஓடினால் இரண்டு பேக்குகளும் ‘உன் ஆளா, என் ஆளா’ என்று ஒருவரையொருவர் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். ஆண்டுக்கணக்காக மறுபக்கம் நின்று இந்தத் தொல்லையை அனுபவித்தவர், இரண்டு ஆட்டத்துக்கு அதே தொல்லையைத் திருப்பிக் கொடுத்தார். தங்கராஜ் ஃபார்வர்டின் கண்ணோடு கோலில் நின்றதற்கும் இதற்கும் ஒரே தர்க்கம். ஸ்வீசி அரணை உடைத்துப் பழகியதால் அரணாக நிற்கக் கற்றதும் இதே வகைதான் என்று நண்பருக்குச் சொல்லலாம். பழைய இடம் வீணாவதில்லை. புது இடத்தில் அது உளவாளி வேலை பார்க்கிறது. ஆனால் எல்லாப் பையனுக்கும் இது பலிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பலிக்காமல் இரண்டு இடமும் இல்லாமல் போன பையன்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் காலத்துக்கு ஒரு உதாரணம் சொல்லாவிட்டால் இளசுகள் கோபித்துக்கொள்ளும். குமரி மாவட்டத்துக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி அணியில் விங்கில் பறந்த பிள்ளை. 2019-இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே.வுக்குப் போனபோது, ஸ்பெயின்காரக் கோச் அன்டோனியோ ஹபாஸ் அவரை இடது விங் பேக்காக ஆட்டினார். முன்னே ஓடுகிற வேலையும் உண்டு, ஓடிவிட்டுத் திரும்பிவந்து தடுக்கிற வேலையும் உண்டு. 2020 மார்ச் 14-இல், கொரோனாவால் காலியாகக் கிடந்த கோவா மைதானத்தில் சென்னையின் எஃப்.சி. அணியை 3–1 என்று வென்று ஏ.டி.கே. அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கியது. நம் பிள்ளை ஜெயித்ததற்குச் சந்தோஷப்படுவதா, சென்னை தோற்றதற்கு வருத்தப்படுவதா என்று பலருக்கும் குழப்பமான ராத்திரி அது.

ஜகார்த்தாவுக்கு வருகிறேன். ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய். 1963 ஜூன் 11-இல் போய்ச் சேர்ந்தார். அவர் கதையை ‘மைதான்’ என்று 2024-இல் இந்தியில் படமாக எடுத்தார்கள். ஜர்னெய்ல் தன் பழைய இடத்துக்கே, ஸ்டாப்பருக்கே திரும்பிவிட்டார். 1964-இல் அர்ஜுனா விருது, பிறகு சில ஆண்டுகள் இந்திய அணிக்குக் கேப்டன். தங்கராஜ் 1963-இல் மோகன் பகானுக்கு வந்தார். அங்கே இரண்டு ஆண்டுகள் இருவரும் ஒரே அணி. தங்கராஜ் கோலில், அவருக்கு முன்னே ஜர்னெய்ல் தடுப்பில். அந்த வாசலைத் தாண்டிக் கோல் போட வந்த கல்கத்தா ஃபார்வர்டுகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அதன்பின் தங்கராஜ் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய் 1971 வரை நின்றார். 1967-இல் அவருக்கும் அர்ஜுனா. சென்டர் ஃபார்வர்டாகவே இருந்திருந்தால் இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்திருப்பாரா என்பது சந்தேகம்தான். ஓடுகிறவனுக்கு முழங்கால் சொல்லிவிடும், நிற்கிறவனுக்குக் கொஞ்சம் தாமதமாகச் சொல்லும். ஜர்னெய்ல் 2000-இல் கனடாவில் காலமானார். தங்கராஜ் 2008 நவம்பரில் பொக்காரோவில்.

இவ்வளவும் சொல்லி முடித்தபின் நண்பர் போனில், “அப்போ அந்த வலது கார்னர் பையனை மாத்தலாம்ங்கிறீங்க?” என்றார். மாத்தலாம், ஆனால் ஒரு மாதம் முழிக்கிறான் என்று திட்டக்கூடாது என்றேன். “ஒரு மாசமா? டோர்னமென்ட் அடுத்த வாரம் சார்” என்றார்.

அந்த ஜகார்த்தா அணியில் இன்னொருவரைப் பற்றி இந்த வாரம் பெயரைத் தவிர எதுவும் எழுதவில்லை. செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, முன்வரிசையில் எந்த இடம் கொடுத்தாலும் ஆடி, தங்கம் வாங்கிய மறு ஆண்டே நோயால் ஆட்டத்தை விட்ட துளசிதாஸ் பலராமன். அடுத்த பகுதி அவருக்கு.

(தொடரும்)